அதிகாலை ஜெபமும் ஒன்றரை ஷிப்டும்

திருப்பூரில் ஒரு நாள் என்பது ஒன்றரை ஷிப்ட். பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்கு ஓடத் தொடங்கும் பவர் டேபிள் இரவு எட்டரைக்குத்தான் நிற்கும். ஷிப்மென்ட் நெருங்கினால் அந்த எட்டரை பத்தாகும், சில நாள் பன்னிரண்டும் ஆகும். இந்தக் கணக்குக்குள் ஜெபத்துக்கு இடமில்லை. அதனால் இங்குள்ள கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் ஜெபம் காலை நாலரை மணிக்கு நகர்ந்துவிட்டது. தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, டிபன் கட்டத் தொடங்குவதற்கு முன்பு மிஞ்சும் அரைமணி அது. அந்த நேரத்தில் வீட்டில் விழித்திருப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். பெரும்பாலும் அது அம்மாதான்.

அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பு இந்த வட்டாரத்தின் ஜெபவேளை இரவு. காட்டு வேலையும் கைத்தறியும் இருட்டினால் நின்றுவிடும். சாப்பாட்டுக்கு முன்போ பின்போ விளக்கடியில் எல்லோரும் உட்காருவார்கள். ஒருவர் ஒரு சங்கீதம் வாசிப்பார், ஒரு கீர்த்தனை பாடுவார்கள், மூத்தவர் ஜெபிப்பார். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கோயில் மணி நாளுக்கு மூன்று முறை வேளை சொன்னது. மாலை மணிக்குப் பிறகு செபமாலை. வேளையை ஊர் வைத்திருந்தது. தனி மனிதர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

கொங்கு நாட்டில் கிறிஸ்தவம் நெல்லையையோ குமரியையோ போல அடர்ந்து வளரவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 6 பேர். திருப்பூர் மாவட்டத்தில் அதைவிடக் குறைவு. ஆனாலும் வேர் பழையது. திருப்பூருக்கு மேற்கே, கோவை நெடுஞ்சாலையில் இருக்கும் கருமத்தம்பட்டிக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மிஷனின் சேசு சபைக் குருக்கள் வந்துவிட்டார்கள். 1846-இல் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆயராகத் திருநிலை பெற்றது அந்த ஊரில்தான். உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் அவர். பின்னாளில் ஆப்பிரிக்க மறைபரப்புக்கென ஒரு சபையைத் தொடங்கி 1859-இல் ஃப்ரீடவுனில் இறந்தார். சீர்திருத்தத் திருச்சபையின் பக்கம் லண்டன் மிஷன் 1830-இல் கோவைக்கு வந்தது. ஈரோட்டின் பிரப் ரோட்டுக்குப் பெயர் தந்த ஏ. டபிள்யூ. பிரப் அந்த மிஷனின் போதகர். தாராபுரத்தில் மெதடிஸ்ட் மிஷன் வேலை செய்தது. இந்தச் சபைகளெல்லாம் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தன. 1950-இல் கோவைத் திருமண்டலம் பிறந்தது.

வரலாறு என்று எழுதும்போது ஆயர்களின் பெயர்கள்தான் வரிசையாக வருகின்றன. ஆனால் அன்றாட விசுவாசத்தை நடத்தியவர்கள் உபதேசியார்களும் பைபிள் உமன்களும். அய்யர் என்று அழைக்கப்பட்ட போதகரோ கத்தோலிக்கச் சாமியாரோ மாதத்துக்கு ஒருமுறை மாட்டுவண்டியிலோ சைக்கிளிலோ வந்து திருவிருந்தோ பூசையோ முடித்துப் போவார். இடைப்பட்ட நாளெல்லாம் உபதேசியார்தான். பள்ளிக்கூடமும் அவர்தான், கல்லறைக்கு முன் நடப்பவரும் அவர்தான், கணவன் மனைவி சண்டையைத் தீர்ப்பவரும் அவர்தான். பைபிள் உமன் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவார். அப்படி வாசித்துக் காட்டத்தான் வேண்டியிருந்தது. 1951-இல் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை.

ஆகவே அன்றைய வேதம் காதால் வந்தது. காதால் வந்தது மனத்தில் தங்கியே ஆக வேண்டும். திரும்பப் பார்க்கக் கையில் புத்தகம் இல்லை. 23ஆம் சங்கீதமும் 91ஆம் சங்கீதமும் 121ஆம் சங்கீதமும் எழுத்தே தெரியாத கிழவிகளுக்கு வரி பிசகாமல் வரும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்களின் கீர்த்தனைகள் பாட்டாக மட்டும் நிற்காமல் பாடமாகவும் இருந்தன. கதையும் கோட்பாடும் ராகத்தோடு உள்ளே போயின. கத்தோலிக்கர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு பூசை லத்தீனில் நடந்தது. பீடத்தில் குருவானவர் தமக்குத் தெரிந்த மொழியில் செபிக்க, கீழே சனங்கள் தங்களுக்குத் தெரிந்த செபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்த இரண்டு வழிபாடுகள்.

அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள், அதில் எவ்வளவு பேர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். வாசிப்பவர் எதைத் தேர்ந்தாரோ அதுதான் வேதம். வாசிப்பவர் அநேகமாக ஆண்.

இன்று நாலரை மணிக்கு எழும் அந்த அம்மா வாசிப்பவர். செக்கிங்கிலோ கைமடியிலோ வேலை செய்பவராக இருக்கலாம். எட்டாவதோ பத்தாவதோ படித்திருப்பார். ஹென்றி பவர் குழு 1871-இல் முடித்த பழைய திருப்புதல் அவருடைய ஜிப் போட்ட பைபிளில் இருக்கிறது, கைபேசியிலும் இருக்கிறது. கத்தோலிக்கராக இருந்தால் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. பிடித்த வசனத்துக்குக் கீழே பேனாவால் கோடு போடுகிறார், ஓரத்தில் தேதி எழுதுகிறார். வீட்டு ஜெபக்கூட்டத்திலோ கத்தோலிக்கரின் அன்பியக் கூட்டத்திலோ தான் வாசித்ததைப் பற்றி எழுந்து நின்று பேசுகிறார். அவருடைய பாட்டிக்கு இது வாய்த்திருக்காது. இந்த ஒன்றைக் கண்ட பிறகும் பழையதே மேல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வாசிப்பின் அளவு சுருங்கிவிட்டது. சங்கீதம் முழுதாகக் காதில் விழுந்த இடத்தில் இப்போது ஒற்றை வசனம் வாட்ஸ்அப்பில் வருகிறது, சூரிய உதயப் படத்தின் மேல் அச்சிட்டு. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் பழக்கம் முன்பும் உண்டு. இப்போது ஒவ்வொரு காலையும் அட்டைதான். பஸ்ஸில் இயர்போன் வழியே பிரசங்கம் கேட்கலாம். சென்னை, கோவை, பெங்களூர் என்று எந்த ஊர்ப் போதகரையும் கேட்கலாம். பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம். தள்ளிவிட முடியாத உள்ளூர் உபதேசியாரிடம், பிடிக்காத வசனத்தையும் கேட்டாக வேண்டியிருந்தது.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளலாம். நல்ல எதிர்காலம் உண்டு என்று உறுதி சொல்லும் அந்த வசனம் அட்டையிலும் காலண்டரிலும் ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் இருக்கிறது. அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது என்பது அட்டையில் இல்லை. சொந்த ஊரைவிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதப்பட்ட கடிதம் அது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று காத்திராதீர்கள், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், வந்து சேர்ந்த அந்த நகரத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்று நாலு வசனம் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. 1971-இல் 1.13 லட்சம் பேர் இருந்து, 2001-இல் 3.44 லட்சமாகி, விரிந்த மாநகராட்சியில் 2011-இல் 8.77 லட்சத்தைத் தொட்ட ஊர் இது. மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைக்க வந்தவர்களால் நிறைந்த இந்த ஊருக்கு வேதாகமத்தில் இதைவிடப் பொருத்தமான அதிகாரத்தைத் தேடினாலும் கிடைக்காது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது பின்னால் வரும் ஆறுதலை மட்டும்.

நகரத்தின் நலன் என்று பேச்சு வந்தால் நொய்யல் ஆற்றைத் தாண்டிப் போக முடியாது. 1980-களின் நடுவில் ஏறத்தாழ 15 கோடி ரூபாயாக இருந்த பனியன் ஏற்றுமதி இன்று 40,000 கோடியை ஒட்டி நிற்கிறது. அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு மதத்தவரும் தத்தம் சாமியிடம் ஆர்டருக்காக வேண்டினார்கள், சபைகளும் வேண்டின. புது மெஷின் இறங்கினால் பிரதிஷ்டை ஜெபம், முதல் கன்டெய்னர் கிளம்பினால் ஸ்தோத்திர ஜெபம். சாயக்கழிவு ஆற்றில் கலந்த இருபது, முப்பது ஆண்டுகளில் ஆற்றுக்காக அதே ஊக்கத்தோடு முழங்கால் மடங்கியதாக என் காதுக்கு எட்டவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அப்போது ஜெப விண்ணப்பங்கள் குவிந்தன, வேலைக்காக. அந்தத் தவிப்பில் குற்றம் காண முடியாது. முன்பு இந்தப் பக்கத்து ஆராதனைகளில் மழைக்காக ஜெபிப்பார்கள். மழை எல்லார் காட்டிலும் பெய்யும். ஆர்டர் ஒரு கம்பெனிக்குத்தான் வரும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது, நீண்ட காலத்துக்குப் பிறகு ஊருக்கே பொதுவான ஒரு விண்ணப்பம் கிடைத்தது.

சேவையும் இப்படியே உருமாறியது. அன்றைய தர்மம் தானியத்தில் இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போய் அங்கிருந்து விதவை வீட்டுக்கோ நோயாளி வீட்டுக்கோ போகும். அறுப்பின் பண்டிகையில் சோளமும் பூசணியும் கோழியும் ஏலம் போகும். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். அதில் அன்பும் இருந்தது, கண்காணிப்பும் இருந்தது. யார் கொடுக்கவில்லை என்பதும் ஊருக்குத் தெரியும். யார் கையிலிருந்து வாங்குவது, யார் வீட்டில் உட்காருவது என்பதில் சாதியும் கூடவே உட்கார்ந்திருந்தது. இந்தப் பகுதிச் சபைகளில் பெரும்பங்கு தலித் மக்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. சபையோ பல இடங்களில் அவர்களைப் பின் வரிசையில் நிறுத்தியது. பனியன் கம்பெனியின் பீஸ் ரேட்டுக்குச் சாதி தெரியாது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். முழு உண்மை அல்ல. ஆனால் காணிக்கைப் பையில் தன் உழைப்பின் பணத்தைப் போடும் நிமிர்வை அந்தக் கூலிதான் கொடுத்தது.

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. ஆகவே ஞாயிறு காலை எல்லார் கையிலும் காசிருக்கும். பீஸ் ரேட்காரருக்குத் தசமபாகம் வாரத்துக்கு வாரம் மாறும். சீசனில் ஏறும், ஆர்டர் இல்லாத மாதத்தில் பத்தில் ஒன்று கொடுப்பதா வாடகை கொடுப்பதா என்று நிற்கும். அதை அவரவரே தீர்த்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் ஷிப்டுக்குப் போக முடியாத முதியவர்களிடம் விடப்பட்டுவிட்டது. உழைப்பவர்களுக்கு முழு இரவு ஜெபம், அதுவும் சனிக்கிழமை. பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்த உடம்போடு விடியவிடிய முழங்காலில் நிற்கிறார்கள். விளக்கடியில் உட்கார்ந்த பழைய தலைமுறைக்கு இந்தக் கடுமை தேவைப்படவில்லை.

கோவைத் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி 1927-இலேயே கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதியவர். மாணிக்கவாசகரையும் ராமானுஜரையும் ஊன்றிப் படித்தவர். இறைவனோடு தனித்து ஒன்றுவதை அவர் மையமாக வைத்தார். நாலரை மணிக்குத் தனியே விழித்திருக்கும் இன்றைய பெண்ணை அவர் அடையாளம் கண்டுகொண்டிருப்பார். அவள் தனியே விழித்திருப்பதற்குக் காரணம் ஷிப்ட் என்பதையும் கண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது ஷிப்ட் நின்றது, கோயில் கதவும் மூடியது. ஆராதனை கைபேசிக்குள் போயிற்று. ஆனால் அரிசிப் பை வெளியே வந்தது. லைன் வீடுகளில் அடைபட்டுக் கிடந்த ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்குச் சபையார் கொடுத்தார்கள். மற்ற மதத்தவரும் அமைப்புகளும் கொடுத்தார்கள். பெயர் தெரியாதவருக்குக் கொடுப்பது என்பது பிடி அரிசிக் காலத்தில் பழகாத ஒன்று. அந்த அறைகளில் சிலவற்றில் சிலுவைப் படம் மாட்டியிருந்ததைப் பலர் அப்போதுதான் பார்த்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த முண்டா, உராவ் கிறிஸ்தவர்களும், கிறிஸ்தவர்களுக்கு எதிரான 2008 வன்முறைக்குப் பிறகு ஒடிசாவின் கந்தமாலைவிட்டுத் தெற்கே வேலை தேடி வந்தவர்களும் நம் பக்கத்துத் தெருவில்தான் தையல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஞாயிறு மதியங்களில் இந்தியிலும் ஒடியாவிலும் ஜெபக்கூட்டங்கள் நடக்கின்றன. சில கோயில் வளாகத்தில், பல வாடகை அறையில். வளாகத்தைக் கேட்டால் கமிட்டியில் கரண்ட் பில் பேச்சு எழும், மேளச் சத்தம் பற்றிப் பேச்சு எழும். நெல்லையிலிருந்து வந்தவர்களின் பாட்டு முறையைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு உள்ளூரார் முணுமுணுத்ததைப் பெரியவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் நினைவூட்டுவதில்லை.

வசனம் வசனமாக அல்லாமல் புத்தகம் புத்தகமாக வாசிக்க வேண்டும் என்று சில வீட்டு ஜெபக்குழுக்கள் இப்போது முயல்கின்றன. ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதேகாலுக்குக் கூடி, வாரம் ஓர் அதிகாரம். எரேமியாவுக்கு 52 அதிகாரம், சரியாக ஓர் ஆண்டு. ஜனவரியில் தொடங்கினால் 29ஆம் அதிகாரம் ஜூலை நடுவில் வரும். அதற்குள் கம்பெனி மாறியவர், அறை மாறியவர், கோடையில் ஊருக்குப் போய்த் திரும்பாதவர் போக, முதல் வாரம் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் இருந்தாலே அதிகம். புதிதாக வந்தவர்களுக்கு முதல் 28 அதிகாரத்தின் கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத்தான் மேலே வாசிக்க முடிகிறது. அப்படிச் சொல்லும் வேலை பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாவுடையது.