குறை சொல்ல ஆள் இருந்த காலம்

மலேசியாவின் கேமரன் மலைக்கு ஏறத் தாப்பா சாலை ஒன்றே வழியாக இருந்த 1950களில், ரிங்லெட் தோட்டத்து லயத்தில் ஓர் இளைஞர் கதை எழுதினால் எங்கே அனுப்புவார்? கோலாலம்பூருக்கு, தமிழ் நேசன் நாளிதழுக்கு. 1950இல் அந்த நாளிதழ் ‘கதை வகுப்பு’ தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்தினார்கள். சிறுகதை எப்படி அமைய வேண்டும் என்று பத்திரிகையிலேயே பாடம் சொன்னார்கள். வந்த கதைகளைப் படித்துத் தரம் பிரித்தார்கள். யாருக்கு எந்தத் தரம் என்பது எனக்கு முக்கியமில்லை. பள்ளிப்படிப்பு பாதியில் நின்றவரையும் எழுத்தாளராக மதித்து, கதை எங்கே சறுக்குகிறது என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அது பெரிய மரியாதை.

1952இல் தமிழ்நாட்டுச் சிறுகதையாளர் கு. அழகிரிசாமி தமிழ் நேசனில் பணியாற்ற வந்தார். 1957இல் ஊர் திரும்பும் வரை இளம் எழுத்தாளர்களைக் கூட்டிக் கதைகளை அலசினார். எழுதத் தெரிந்தவரே எதிரில் உட்கார்ந்து குறை சொல்லும்போது வலிக்கும். அடுத்த கதை தேறும்.

இன்று தாப்பா சாலையோடு சிம்பாங் பூலாய் சாலையும் மலைக்கு வருகிறது. தோட்ட வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைந்திருக்கிறார்கள்; லயத்துப் பிள்ளைகள் பலர் பட்டணம் போய்விட்டார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. ஆனால் புத்தகம் போடுவது முன்னைவிட எளிது. வெளியீட்டு விழாவில் மாலை, பொன்னாடை, முதல் நூலைப் பெற்றுக்கொள்ள டத்தோ பட்டம் பெற்ற ஒருவர். பேசுகிறவர்கள் எல்லாரும் வாழ்த்துகிறார்கள். குறை சொன்னால், ‘வாசகர்களே கொஞ்சம் பேர், நம்ம ஆளையே இப்படிப் பேசலாமா?’ என்று கோபம் வருகிறது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது தவறு. தேயிலைத் தொழிற்சாலையில் சாயத்தை வாயில் வைத்துத் தரம் பார்ப்பவர், தோட்டத்தின் மேலுள்ள பாசத்தால் மட்டத் தூளை நல்ல தூள் என்று சொல்வதில்லையே!

கறாரான விமர்சனம் அடியோடு அற்றுப்போகவில்லை. ம. நவீனின் வல்லினம் இதழ் அதை விடாமல் செய்துவருகிறது. அதற்காகப் பகையையும் சம்பாதித்திருக்கிறது. ஓர் இதழ் மட்டும் எத்தனை பேரின் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்ல முடியும்?

விழா நடத்துகிற சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொன்னாடை நேரத்தைக் குறைத்து, நூலை முழுதாகப் படித்த ஒருவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். ரிங்லெட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, மாணவர் கட்டுரையில் ‘நன்று’ என்று எழுதுவதோடு நிறுத்தாமல், எந்த வரி ஏன் நிற்கவில்லை என்றும் ஓரத்தில் எழுதிக்கொடுங்கள்.