ஐந்து மார்க் வாங்கினால் ஃபெயில்!

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்தான். அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். போன வருடம் ஒரு கம்பெனியில் இருந்து அப்ரண்டிஸ் இண்டர்வியூவுக்கு எனக்கு மெயில் வந்தது. ஸ்பாம் பெட்டிக்குள் கிடந்த அதை நான் பார்த்தபோது, இண்டர்வியூ முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. "லெட்டர்னா போஸ்ட்மேன் கொண்டாந்து குடுப்பாரு, இது எங்கடா போச்சு?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சீனியர் அண்ணன் ஒருவர் லேபில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஸ்பாம்அசாசின் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தார். ஜஸ்டின் மேசன் என்பவர் 2001-ல் வெளியிட்டது. அதற்குள் நூற்றுக்கணக்கான விதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். மொத்தம் 5 வந்தால் ஸ்பாம். நம்ம பரீட்சைக்கு நேர் எதிர், மார்க் ஏறினால் ஃபெயில்! மல்லிகை மூட்டையில் ஈரத்துக்குக் கொஞ்சம், விரிந்த மொட்டுக்குக் கொஞ்சம் என்று விலையைக் குறைப்பார்களே, அந்த மாதிரி.

எச்டிஎம்எல் மெயில் என்பதற்கு வெறும் 0.001தான், ஏனென்றால் ஊரே அப்படித்தான் அனுப்புகிறது. பேஸ் கணக்குப்படி 99 சதவீதம் ஸ்பாம் என்று பட்டால் 3.5. நல்ல மெயில் என்று பட்டால் 1.9 கழியும். என் மெயிலை உள்ளே விட்டேன், 5.6 வந்தது. சப்ஜெக்ட் முழுக்கக் கேபிடல் எழுத்து, இன்னும் சில சில்லறைக் குற்றங்கள். எதுவும் தனியாக 5 வாங்கவில்லை. என் மெயில்பெட்டியின் ஃபில்டர் வேறுதான், ஆனாலும் கணக்கு போகும் விதம் புரிந்தது.

மார்க்கை மாற்றும் இடம் லோக்கல்.சிஎஃப் என்ற ஃபைல். 'ஸ்கோர்' என்று எழுதி, விதியின் பெயரையும் எண்ணையும் போட வேண்டும். 0 போட்டால் அந்த விதி வேலை செய்யாது. மாற்றிய பிறகு 'லிண்ட்' கட்டளையால் பிழை பார்ப்பது அவசியம்.

நான் முதலில் பாஸ் எல்லையை 10 ஆக்கினேன். லாட்டரிக்காரன் எல்லாம் உள்ளே வந்துட்டான்! அடுத்து, சப்ஜெக்டில் 'இண்டர்வியூ' இருந்தால் 20 கழிக்கும்படி ஒரு விதி எழுதினேன். அண்ணன் சிரித்தார்: "வேலை வாங்கித் தர்றேன்னு பணம் புடுங்குறவனும் அதைத்தானப்பா எழுதுவான்?" தெரிந்த முகவரிக்கு 100 கழிக்கும் வசதியும் உண்டு. ஆனால் அனுப்புநர் முகவரியை யாரும் பொய்யாகப் போடலாம். அதனால் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் சரிபார்த்த பிறகே கழிக்கும் வகையைத்தான் போட வேண்டுமாம்.

பெரியவர்களுக்கும் சறுக்கியிருக்கிறது. தேதியில் 2010 அல்லது அதற்கு மேல் இருந்தால் சந்தேகம் என்று இதே சாஃப்ட்வேரில் ஒரு விதி இருந்தது. எழுதியபோது அது தூரத்து வருடம். 2010 ஜனவரி 1 விடிந்ததும் உலகத்து நல்ல மெயிலுக்கெல்லாம் 3-க்கு மேல் மார்க் ஏறிப்போச்சு. அவசரமாகத் திருத்தம் விட்டார்கள்.

கடைசியில் எனக்கு உதவியது பயிற்சிதான். பேஸ் கணக்கு வேலை செய்ய 200 ஸ்பாமும் 200 நல்ல மெயிலும் காட்ட வேண்டும். ஹாஸ்டல் நண்பர்களிடம் கெஞ்சிச் சேர்த்தேன். இப்போது அந்த மெயில் 4-க்குக் கீழே வாங்குகிறது.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இனிமே ஒழுங்கா வந்துருமா?" என்றார். லேப் கம்ப்யூட்டரில் வரும். என் போனில் இருக்கும் ஃபில்டரில் நான் கை வைக்க முடியாதே! தினமும் காலையில் ஸ்பாம் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன்.