கிணறுகள் பல, தண்ணீர் ஒன்று

காணி விடுவிக்கப்பட்டதும் வலிகாமம் வடக்கு மக்கள் எல்லை வேலியைத் தேடினார்கள். வீட்டின் அத்திவாரத்தைத் தேடினார்கள். பின்னர் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். 1990இல் விட்டுப் போன கிணறு தூர்ந்து கிடந்தாலும், தண்ணீர் இருந்தால் தோட்டம் செய்யலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. இன்னும் திரும்ப முடியாதவர்களின் மனதிலும் அந்தக் கிணறுதான் நிற்கிறது. எனவே கிணற்றை எப்படிப் பார்ப்பது என்பது எமக்கு வாழ்வுப் பிரச்சினையாகும்.

விஞ்ஞானம் ஒரு பொருளை இரு விதமாக நோக்குகிறது. ஒன்று பகுத்துப் பார்ப்பது. மற்றது முழுமையாகப் பார்ப்பது.

போத்தலுக்குள் தெரிவது

ஒரு போத்தல் கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் கொடுத்தால் அதிலுள்ள நைத்திரேற்றின் அளவைச் சொல்வார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கண்ணுக்கும் நாவுக்கும் இது தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். இந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கலாம். இதை எமக்குக் காட்டித் தந்தது பகுப்பாய்வே. அதை இகழக் கூடாது.

போத்தலுக்கு வெளியே

ஆனால் நைத்திரேற்று எங்கிருந்து வந்தது என்பதைப் போத்தல் சொல்லாது. வெங்காயத்துக்குப் போட்ட யூரியாவும், மலசலகூடக் குழிக் கழிவும் மண்ணினூடாகச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்குகின்றன. பக்கத்துத் தோட்டத்தில் இட்டது எமது கிணற்றில் வரலாம்.

உரத்துக்கு ஒருவர், மலசலகூடத்துக்கு ஒருவர், குழாய்க் கிணற்றுக்கு ஒருவர் என ஆலோசகர்கள் வருகிறார்கள். அவரவர் கணக்கில் எல்லோரும் சரி. நிலத்தடி நீர் மட்டும் எவருடைய கணக்கிலும் இல்லை. திருச்சபைப் பணியாளராகிய நாமும் கட்டிய மலசலகூடங்களை எண்ணினோம். கிணற்றிலிருந்து அவை எத்தனை அடி என்று கேட்க மறந்ததுண்டு.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை கல்லுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதற்குச் சான்று. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். ஆழத் தோண்டுவது உப்பைத் தேடிப் போவதாகவும் முடியலாம்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித வலுவே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. எம் முன்னோர் குழை தாழ்த்தார்கள், பட்டி அடைத்தார்கள், குளத்தைத் தூர் வாரினார்கள். அவர்களுக்கு நைத்திரேற்றுத் தெரியாது. எமக்கு இரண்டும் வேண்டும்.

ஆகவே திரும்பிய குடும்பங்கள் முதலில் நீரைப் பரிசோதியுங்கள். பின்னர் அயலவர் அனைவரும் கூடியிருந்து, கிணறுகள், குழிகள், குளங்கள், தோட்டங்கள் யாவற்றையும் ஒரே தாளில் வரையுங்கள். எவர் எவ்வளவு இறைப்பது, எந்தக் குளத்தை மாரிக்கு முன் தூர் வாருவது என்று அந்தத் தாளைப் பார்த்துத் தீர்மானியுங்கள். ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுவதும் நோவுறும் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு விளக்கினார். எம் கிணறுகளுக்கும் அது பொருந்தும்.