பற்சக்கரப் பெட்டி எண்ணெய்க் கசிவு

பற்சக்கரப் பெட்டி எண்ணெய்க் கசிவு என்பது, கையால் கியர் மாற்றி இயக்கப்படும் தானுந்துகளில், பற்சக்கரப் பெட்டியினுள் உள்ள மசகு எண்ணெய் வெளியே ஒழுகுவதைக் குறிக்கும். இப்பெட்டி பேச்சு வழக்கில் கியர்பாக்ஸ் எனவும், எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் இரப்பர் வளையம் ஆயில் சீல் எனவும் அழைக்கப்படுகின்றன. வளையத்தின் விலை மிகக் குறைவு. ஆனால் அது பழுதடைந்ததைக் கவனியாது விட்டால் பெட்டி முழுவதுமே பயனற்றுப் போகக்கூடும். எந்திர எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். பற்சக்கரப் பெட்டிக்கு அத்தகைய விளக்கு பெரும்பாலான தானுந்துகளில் இல்லை. எனவே தரையில் விழும் எண்ணெய்த் துளியே முதல் எச்சரிக்கையாகும்.

கசிவுத்தடையின் அமைப்பு

ஆயில் சீல் மூன்று பகுதிகளைக் கொண்டது. வெளிப்புறத்தில் பெட்டியின் துளையில் இறுக்கமாகப் பொருந்தும் உலோக உறை உள்ளது. உட்புறத்தில் சுழலும் தண்டைத் தொட்டபடி மெல்லிய இரப்பர் உதடு அமைந்துள்ளது. உதட்டைத் தண்டின்மீது அழுத்திப் பிடிக்க ஒரு சிறு சுருள்வில் வளையம் உண்டு. உதட்டிற்கும் தண்டிற்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்கும். அப்படலம் உதட்டைத் தேய்வினின்று காக்கிறது. உதட்டின் நுண்ணிய அமைப்பு எண்ணெயை மீண்டும் உள்நோக்கித் தள்ளுவதால் கசிவு ஏற்படுவதில்லை.

தொடக்கத்தில் இத்தகைய தடைகள் தோலால் செய்யப்பட்டன. செருமனியில் தோல் பதனிடும் தொழிலில் இருந்த பிராய்டன்பெர்க் நிறுவனம் அறிமுகப்படுத்திய சிம்மர் வளையம் இவற்றுள் புகழ்பெற்றது. அது வால்டர் சிம்மர் என்னும் பொறியாளரின் பெயரால் வழங்குகிறது. 1930களில் செயற்கை இரப்பர் தோலின் இடத்தைப் பிடித்தது. இன்று நைட்ரைல் இரப்பர் பரவலாகப் பயன்படுகிறது. அது ஏறத்தாழ 100 பாகை செல்சியசு வரை நீடித்து உழைக்கும். அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் விரைவில் கெட்டிப்படும்.

கசியும் இடங்கள்

கசியும் இடம் தானுந்தின் அமைப்பைப் பொறுத்தது. அம்பாசடர், சென்னையில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில், நீள்தண்டு வெளிவரும் பின்முனையில் கசிவு ஏற்படும். 1983 இல் அறிமுகமான மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில், இரு முன்சக்கரங்களுக்கும் செல்லும் அச்சுத்தண்டுகள் பெட்டியினின்று வெளிவரும் இடங்களில் கசியும். இரு வகைகளிலும் எந்திரத்தை நோக்கிய உள்ளீட்டுத் தண்டின் சீல் பழுதடைந்தால் எண்ணெய் கிளட்ச் தட்டில் படிந்து, கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

காரணங்கள்

சீலின் முதுமை ஒரு காரணம் மட்டுமே. பிற காரணங்கள் பின்வருமாறு:

- காற்றுப்போக்கி அடைபடுதல். ஓடும்போது பெட்டி சூடேறி உள்ளிருக்கும் காற்று விரிவடைகிறது. அது வெளியேறும் சிறு வழி சேற்றாலும் தூசியாலும் அடைபட்டால், மிகுந்த அழுத்தம் எண்ணெயை உதட்டின் வழியே வெளியே தள்ளும்.
- தண்டு தேய்தல். நெடுங்காலம் ஓடிய தண்டில் உதடு பட்ட இடத்தில் வரிப்பள்ளம் விழும். புதிய சீலின் உதடும் அதே பள்ளத்தில் அமர்ந்தால் கசிவு தொடரும்.
- தாங்கி தளர்தல். பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால் எந்தச் சீலும் நிலைக்காது.
- அளவுக்கு மிகுதியாக எண்ணெய் ஊற்றுதல்.

காரணத்தைக் களையாமல் சீலை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் மீண்டும் கசிவு தோன்றும்.

செஞ்சி வட்டாரத்தில்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சி நகரில் தொடருந்து நிலையம் இல்லை. ஏறத்தாழ 28 கி.மீ. தொலைவிலுள்ள திண்டிவனமே தொடருந்தில் வருவோர்க்கு ஏற்ற இடமாகும். 2025 இல் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட மராத்தியக் கோட்டைகளின் தொகுதியில் செஞ்சிக் கோட்டையும் அடங்கும். கோட்டையைக் காண்போரும், திருவண்ணாமலைக்கும் மேல்மலையனூருக்கும் செல்லும் அடியவர்களும் இந்நகரின் வழியே சாலையில் பயணம் செய்கின்றனர். கோடை வெயிலில் முழுச் சுமையுடன் நெடுந்தொலைவு ஓடும் பழைய தானுந்துகளின் எண்ணெய் மிகுதியாகச் சூடேறுகிறது.

மழைக்காலத்தில் வேறொரு இடர் உண்டு. செஞ்சியாறு எனவும் அழைக்கப்படும் சங்கராபரணி இவ்வட்டாரத்தின் ஆறாகும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றிலோ ஏரி வாய்க்காலிலோ நீர் பெருகி நிற்கும் தரைப்பாலத்தைக் கடக்கும் வண்டியின் சூடான பெட்டி திடீரெனக் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தளர்ந்த சீலின் வழியே நீரை உள்ளிழுக்கும். எண்ணெயை வெளியே விடும் பழுதே நீரை உள்ளே விடும் பழுதாகவும் மாறுகிறது. நீர் கலந்த எண்ணெய் மோர் போல வெளுத்துக் காணப்படும்; அதனை உடனே மாற்றுதல் வேண்டும்.

கண்டறிதல்

வண்டியின் அடியில் இரவு முழுவதும் அட்டையை விரித்து வைத்தால் துளி விழும் இடம் தெரியும். கியர் எண்ணெய் தடிப்பானது. கந்தக நெடி உடையது. எந்திர எண்ணெய்க்கு இந்நெடி இல்லை. பெட்டியின் அடிப்புறத்தைத் துடைத்துச் சில கி.மீ. ஓட்டிப் பார்த்தால் கசிவின் தொடக்க இடம் புலப்படும். எண்ணெய் மிகவும் குறைந்த நிலையில் பெட்டி இரையும். கியர் விழுவது கடினமாகும்.

வீட்டில் மாற்றும் முறை

முன்சக்கர இயக்க வண்டியின் அச்சுத்தண்டு சீலைத் தேவையான கருவிகள் உடையோர் வீட்டிலேயே மாற்றலாம். உள்ளீட்டுத் தண்டின் சீலை மாற்றப் பெட்டியையே கழற்ற வேண்டியிருப்பதால் அது பட்டறையில் செய்ய வேண்டிய பணியாகும். நுணுக்கங்கள் வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால் அவ்வண்டிக்குரிய பழுதுநீக்கக் கையேட்டைப் பின்பற்றுதல் வேண்டும்.

1. சக்கரம் தரையில் இருக்கும்போதே அச்சு நட்டைத் தளர்த்த வேண்டும்.
2. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, இரும்புத் தாங்கிகளில் நிறுத்த வேண்டும்.
3. எண்ணெய் ஊற்றும் திருகை முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும். அது திறக்காத நிலையில் எண்ணெயை வடித்துவிட்டால் மீண்டும் நிரப்ப வழியிராது.
4. எண்ணெயை வடித்த பின், கீழ்க்கையின் பந்து மூட்டைப் பிரித்து, அச்சுத்தண்டை நெம்பி வெளியே எடுக்க வேண்டும்.
5. துளையின் சுவரில் கீறல் விழாமல் பழைய சீலை நெம்பி எடுக்க வேண்டும். அது அமர்ந்திருந்த ஆழத்தை முன்னரே குறித்துக்கொள்ளுதல் நலம்.
6. தண்டில் நகத்தை ஓட்டிப் பார்த்துப் பள்ளம் உள்ளதா என அறிய வேண்டும். காற்றுப்போக்கியையும் துப்புரவு செய்ய வேண்டும்.
7. புதிய சீலின் உதட்டில் கியர் எண்ணெய் தடவி, சுருள்வில் உள்ள பக்கம் பெட்டியை நோக்கியிருக்குமாறு வைத்து, சீலின் வெளிவிட்டத்திற்கு ஒத்த குழாய்த்துண்டால் சீராகத் தட்டி இறக்க வேண்டும்.
8. தண்டைப் பொருத்தி, வடிதிருகிற்குப் புதிய வாஷர் இட்டு, வண்டியைச் சமதளத்தில் வைத்து எண்ணெய் நிரப்ப வேண்டும். பல வண்டிகளில் ஊற்றும் துளையின் கீழ்விளிம்பே சரியான அளவாகும்.

கையேடு ஜிஎல்-4 தர எண்ணெயைக் குறிப்பிட்டிருந்தால் ஜிஎல்-5 ஊற்றுதல் கூடாது. பின்னதில் மிகுதியாக உள்ள கந்தகச் சேர்மங்கள் பெட்டியினுள் உள்ள பித்தளை வளையங்களைப் பாதிக்கக்கூடும்.

பாதுகாப்பு

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் செல்லுதல் உயிருக்கு ஆபத்தானது. செங்கல், சிமெண்ட் கட்டை ஆகியவை சுமை தாங்காது திடீரென உடையும் தன்மையுடையவை. அவற்றைத் தாங்கியாகப் பயன்படுத்துதல் கூடாது. மண் தரையில் ஜாக்கி புதையும் என்பதால் அதற்கடியில் தடித்த பலகை இடுதல் வேண்டும். எண்ணெய் ஆறிய பின்னரே வடித்தல் நன்று.

கழிவு எண்ணெய்

பயன்படுத்திய எண்ணெய் இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் இடர்க்கழிவு விதிகளின்கீழ் வருகிறது. அதனை வாய்க்காலிலோ மண்ணிலோ ஊற்றினால் கிணற்று நீரும் ஏரி நீரும் மாசுறும். மூடிய கலனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் ஒப்படைத்தல் வேண்டும்.