காதுக்கு எட்டாத ஒலி, கூம்புக்கு எட்டும் அடி

கழகக் கலைவிழாக்களில் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் அமர்வது என் வேலை. ஒத்திகை நாளில் தம்பிமார் யாராவது தவறாமல் கேட்பது இது: "அண்ணா, 20 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி போட்டுப் பார்க்கலாமா? ஸ்பீக்கர் போய்விடுமா?" ஸ்பீக்கர்கள் வாடகைக்கு எடுத்தவை. போனால் கழக நிதியும் சேர்ந்து போகும்.

தாழ்ந்த அதிர்வெண் என்பதாலேயே எந்தக் கருவியும் கெடுவதில்லை. சிக்கல் நம் காதில் தொடங்குகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியை நல்ல காது இரண்டு, மூன்று டெசிபலிலேயே உணர்ந்துவிடும். 20 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ ஏறத்தாழ 78 டெசிபல் வேண்டும். ஆகவே "ஒன்றும் கேட்கவில்லையே" என்று கை தானாக ஒலியளவைக் கூட்டுகிறது. காதுக்கு எட்டாவிட்டாலும் ஸ்பீக்கரின் கூம்பு அந்நேரம் முன்னும் பின்னும் பாய்ந்துகொண்டிருக்கும்.

ஒரே ஒலியழுத்தத்தைத் தர, அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் போதுமென்றால், 40-இல் 4, 20-இல் 16 மில்லிமீட்டர். சாதாரண ஸ்பீக்கர் எதுவும் இதைத் தாங்காது. காற்றுத்துளை வைத்த பெட்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். துளைக்குரிய அதிர்வெண்ணுக்குக் கீழே போனதும், பெட்டிக்குள்ளிருக்கும் காற்று கூம்பைத் தாங்கிப் பிடிப்பதில்லை. கம்பிச்சுருள் காந்தத்தின் அடியில் போய் இடிக்கும். 'டப் டப்' என்று கேட்பது அதுதான்.

சூடு இன்னொரு தொல்லை. பாட்டில் உச்சங்கள் நொடிப்பொழுதில் வந்து போகும். சுருளுக்கு ஆற நேரம் உண்டு. சோதனை ஒலிக்கு மூச்சுவிடும் பழக்கமே இல்லை. உச்ச அளவு ஒன்றாகவே இருந்தாலும் சராசரி மின்திறன் பாட்டைவிடப் பல மடங்கு. ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்; அடி வாங்குவது ஸ்பீக்கர்தான்.

சோதனை ஒலியை மட்டும் குறைசொல்வதும் நியாயமில்லை. டெலார்க் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட சைக்கோவ்ஸ்கியின் '1812' இசைத்தட்டில் உண்மையான பீரங்கி முழக்கம் பதிவாகியிருந்தது. ஸ்பீக்கர் கெடலாம் என்று அட்டையிலேயே எச்சரித்திருந்தார்கள். (விற்பனைக்கு அதைவிட நல்ல விளம்பரம் ஏது!)

நான் செய்வது இவ்வளவுதான். 100 ஹெர்ட்ஸில், பேச்சுக்குரல் அளவுக்கும் குறைவாகத் தொடங்கி, ஒலியளவைத் தொடாமல் அதிர்வெண்ணை மட்டும் இறக்குவேன். கண் கூம்பின் மேல் இருக்கும். கூம்பின் ஆட்டம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலோ, 'டப்' என்று ஒருமுறை கேட்டாலோ உடனே நிறுத்திவிடுவேன். ஒவ்வொரு சோதனையும் சில நொடிகளுக்கு மேல் போகாது. விழா தொடங்குமுன் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டியால் வெட்டிவிடுவேன். நம் மேடையில் ஒலிக்கும் எந்தப் பாட்டும் அதனால் குறைபட்டதில்லை.