மார்க்கர் பேனாவால் எழுதிய நாளிதழ்: தெரியுமா?

கரன்ட் இல்லை, போன் இல்லை, அச்சு இயந்திரம் ஓடவில்லை. ஆனாலும் ஒரு நாளிதழ் ஒருநாள்கூட நிற்காமல் வெளிவந்தது தெரியுமா? அச்சடிக்கவில்லை, கையால் எழுதினார்கள்!

ஜப்பானின் வடகிழக்கில், மியாகி மாகாணத்தில் இருக்கும் மீன்பிடித் துறைமுக ஊர் இஷினோமாகி. 2011-இல் அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 1,60,000. அந்த ஊருக்கென்றே 1912-இல் பிறந்த மாலைப் பத்திரிகை 'இஷினோமாகி ஹிபி ஷிம்புன்'. 2011 வாக்கில் சுமார் 14,000 பிரதிகள்தான் விற்றன. நூறாவது ஆண்டைத் தொட ஒரே ஆண்டு பாக்கி. அப்போது வந்தது 2011 மார்ச் 11.

பிற்பகல் 2:46-க்கு 9.0 அளவு நிலநடுக்கம், பின்னாலேயே சுனாமி! 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இஷினோமாகியில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செய்தி சேகரிக்கப் போன நிருபர் ஒருவரையே அலை அடித்துக்கொண்டு போனது. மறுநாள் ஹெலிகாப்டர் வந்து மீட்டது!

அச்சு இயந்திரத்தின் ஒரு பகுதி தண்ணீரில். மிச்சப் பகுதிக்கு மின்சாரம் இல்லை. ஊரே இருட்டில் கிடக்கிறது. உறவுகள் எங்கே, உதவி எப்போது வரும், எதுவும் யாருக்கும் தெரியாது. இந்த நேரத்தில் சேதி சொல்லாவிட்டால் உள்ளூர்ப் பத்திரிகை எதற்கு என்று நினைத்தார்கள் அந்த அலுவலகத்தில். நனையாமல் தப்பிய அச்சுத்தாள் சுருளிலிருந்து பெரிய பெரிய தாள்களாக வெட்டினார்கள். கறுப்பு, சிவப்பு, நீல மார்க்கர் பேனாக்களை எடுத்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் எழுத ஆரம்பித்தார்கள்!

நிருபர்கள் சேற்றில் நடந்து கொண்டுவந்த செய்தியெல்லாம் ஒரே தாளில் அடங்குமா? அடங்காது. எதை விடுவது என்பதுதான் பெரிய வேதனை. தலை தப்பியவர்களுக்கு உடனடியாக வேண்டியது முதலில் இடம்பிடித்தது. முதல் நாளே, சரியான தகவலை நம்பி நடந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். வதந்தி பரவும் நேரம் அல்லவா? மறுநாள், மீட்புக் குழுக்கள் வந்து சேர்ந்த சேதி. இப்படி மார்ச் 12 முதல் 17 வரை ஆறு நாட்கள்! ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியாகக் கையால் எழுதி, நிவாரண முகாம்களிலும் ஒரு கடையிலும் ஒட்டினார்கள். ஆறாம் நாள் தலைப்பு, ஊரில் விளக்குகள் எரியத் தொடங்கியதைப் பற்றி.

கையால் எழுதும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? என்னை உலுக்கியது இதுதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானிய அரசு சின்னச் சின்னப் பத்திரிகைகளை மூடி, பெரியவற்றோடு இணைத்தது. இஷினோமாகி பத்திரிகையும் நின்றுபோனது. அப்போது அதன் நிருபர்கள், வீட்டில் கிடந்த மட்டமான வைக்கோல் தாளில் செய்தியைக் கையால் எழுதி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார்களாம்! அலுவலகத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதை அது. சுமார் எழுபது வருஷம் கழித்து, அதே ஊரில் அதே வேலை!

'வாஷிங்டன் போஸ்ட்' 2011-இன் இந்தக் கையெழுத்து நாளிதழைப் பற்றி எழுத, அமெரிக்கத் தலைநகரில் இருந்த 'நியூசியம்' என்ற செய்தி அருங்காட்சியகம் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 2011-லேயே ஜப்பானின் புகழ்பெற்ற கிகுச்சி கான் விருதும் பத்திரிகைக்கு வந்தது.

பல கோடி டாலரில் கட்டிய அந்த நியூசியம் 2019 டிசம்பர் 31-இல் மூடப்பட்டது. இஷினோமாகியின் மாலைப் பத்திரிகை அதன் பிறகும் வந்துகொண்டிருக்கிறது!