தோட்டத்து முள்ளும் இரணஜன்னியும்

ரோஜாச் செடியைத் தொட்டி மாற்றும்போது விரலில் ஏறிய முள்ளுக்காக எவரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. வர வேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை. ஆனால் அன்று ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: இரணஜன்னித் தடுப்பூசியைக் கடைசியாகப் போட்டுக்கொண்டது எப்போது?

இதை நாங்கள் கேட்கும்போது, நடுவயதைக் கடந்த பெண்கள் பலர் "கடைசிப் பிரசவத்தின்போது" என்கிறார்கள். ஆண்கள் யோசிக்கிறார்கள். இந்தியாவில் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியதே 1978-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பிறந்தோரில் பலர் தொடக்கத் தவணைகளையே பெறாதிருக்கலாம்.

துருப்பிடித்த ஆணியால்தான் இந்நோய் வரும் என்பது பரவலான நம்பிக்கை. துரு குற்றவாளியன்று. நோய்க்கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாண எருவிலும் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கின்றன. காற்றுப் புகாத இடம் கிடைத்தால் அவை முளைத்து, நரம்புகளைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். ஆகவே, குருதி பெருகிய அகலமான வெட்டைக் காட்டிலும், சிறு துளையாய் ஆழ இறங்கி, மேலே ஆறிவிட்டதுபோல் தோன்றும் முள்குத்தே கூடுதல் ஐயத்துக்குரியது. பெரும்பாலும் 3 முதல் 21 நாள்களுக்குள் தாடை இறுகி வாய் திறக்க முடியாமற்போகும், விழுங்குவது கடினமாகும், கழுத்தும் முதுகும் விறைக்கும். அந்நிலையில் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. ஒருமுறை இந்நோயிலிருந்து மீண்டவருக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை; அவருக்கும் தடுப்பூசி வேண்டும்.

காயம்பட்டவுடன் ஓடும் நீரில் சோப்பிட்டு, மண் முழுவதும் நீங்கும்வரை கழுவுங்கள். காப்பித்தூளும் சுண்ணாம்பும் வேண்டா. அவை அழுக்கை உள்ளே வைத்து மூடிவிடும். ஆழத்தில் முறிந்த முள்ளை ஊக்கால் கிளறாமல் எங்களிடம் வாருங்கள்.

முழுத் தவணைகளையும் பெற்றவருக்கு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊசி போதும். மண் படிந்த ஆழமான காயமாயின், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் ஒன்று தேவை. ஒவ்வொரு சிராய்ப்புக்கும் ஊசி கேட்டு வருவோரும் உண்டு, அது தேவையற்றது. மூன்று தவணைகள்கூடப் பெறாதவருக்கும், பெற்றது நினைவில்லாதவருக்கும் இத்தகைய காயத்தில் தடுப்பூசி மட்டும் போதாது. உடனடிப் பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடப்படும். இப்போது போடப்படும் 'டி.டி.' பழைய 'டி.டி.' அன்று, பெயர் தமிழில் ஒன்றுபோல் ஒலித்தாலும், இது தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கிறது.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றியே எங்களுக்குக் கவலை மிகுதி. உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்தது அவர்களுக்கே தெரியாது. வெறுங்காலுடன் செடிக்கு நீர் ஊற்றுவதை அவர்கள் விட்டுவிட வேண்டும். உடனிருப்போர் மாலையில் அவர்களுடைய உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்புப் பரவினாலோ, வீங்கினாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் கண்டாலோ மறுநாளைக்கென்று தள்ளாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது, கடைசியாக ஊசி போட்ட தேதியை உங்கள் மருத்துவக் கோப்பின் முதற்பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். அதற்கேற்ற தவணையை நாங்கள் தொடங்கிவைப்போம்.